பைலட் ஆகாமல் பறக்கிறவர்கள்: பதவி, சம்பளம், மதிப்பு

2022 பிப்ரவரியில் எங்கள் பாலக்காடு மாவட்டத்து (கேரளம்) மலம்புழை குறும்பாச்சி மலையின் பாறைப் பொந்தில் ஓர் இளைஞர் இரண்டு நாள் சிக்கிக் கிடந்தபோது எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் டிவி அணையவில்லை. ராணுவத்தினர் கயிற்றில் இறங்கி அவரை மலையுச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போய்க் கஞ்சிக்கோட்டில் இறக்கியது. கொழிஞ்சாம்பாறைத் தேநீர்க் கடையில் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் என்னிடம் திரும்பினான். “மாமா, ஓட்டுகிறவர் பைலட். கதவோரம் நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? அவருக்கு என்ன சம்பளம்?”

இரண்டு கேள்வியுமே நல்ல கேள்விதான். பெரும்பாலானவர்கள் பைலட்டோடு நின்றுவிடுவார்கள். ஒழலப்பதி, எருத்தேன்பதி, வேலந்தாவளம் என்ற எல்லையோர ஊர்களின் பக்கத்திலிருந்து அதற்குப் பிறகும் சில பிள்ளைகள் வந்து இதையே கேட்டதால் எழுதிவைக்கிறேன்.

நான் விமானப்படையில் இருபது வருடம் எஞ்சின் ஃபிட்டராக இருந்து சார்ஜென்ட்டாக வெளியே வந்தவன். பறந்தவன் அல்லன், பறந்தவர்களின் எஞ்சினைத் துடைத்தவன். பறக்கும் குழுவுக்கு ஒருமுறை மனுப் போட்டேன், காதுப் பரிசோதனையில் ஒரு பக்கம் தேறவில்லை. அந்த வருத்தம் இந்தக் கட்டுரையில் எங்கேயாவது எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இவர்கள்?

விமானப்படையில் குடியரசுத் தலைவரின் கமிஷன், அதாவது அதிகாரி நியமன ஆணை, பெற்றவர்கள் அதிகாரிகள். பைலட்டுகள் எல்லாரும் அந்தப் பக்கம். கமிஷன் பெறாதவர்களை ஏர்மென் என்பார்கள். அவர்களில் ஆகப் பெரும்பாலானோர் தரையில்தான் வேலை செய்கிறார்கள். ஒரு சிறு பகுதியினர் மட்டும் விமானத்துக்குள்ளேயே வேலை செய்து பறக்கிறார்கள். ஃபிளைட் எஞ்சினியர், ஃபிளைட் கன்னர், சிக்னலர், லோட் மாஸ்டர் என்று அவர்களுக்குள் பிரிவுகள் உண்டு. ஆக்ராவில் உள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களிலும் ஏர்மென் இருக்கிறார்கள்.

ஃபிளைட் எஞ்சினியர் எஞ்சினின் வெப்பம், எண்ணெய் அழுத்தம், எரிபொருள் இவற்றின் மேல் கண்ணாக இருப்பவர். கன்னர் ஆயுதத்துக்கும், ஹெலிகாப்டரில் கதவோர வேலைகளுக்கும் பொறுப்பு. லோட் மாஸ்டரின் வேலையை வெளியிலிருந்து பார்த்தால் சுமை ஏற்றும் மேஸ்திரி வேலை போலத் தெரியும். எங்கள் ஊரில் தேங்காய் லோடு ஏற்றுகிறவருக்குக் கூட பின்பாரம் கூடினால் வண்டி முன்பக்கம் தூக்கும் என்று தெரியும். விமானத்தில் பாரம் ஓரடி தள்ளி உட்கார்ந்தாலும் மூக்கு எழுவதும் தாழ்வதும் மாறிவிடும். பறக்கும்போது சங்கிலி அறுந்து ஒரு ஜீப் பின்னால் உருண்டால் பைலட்டின் கையில் எதுவும் இல்லை. சி-17 போன்ற ராட்சத சரக்கு விமானத்தையே இரண்டு பைலட்டும் ஒரு லோட் மாஸ்டரும் கொண்டு இயக்கிவிடலாம் என்றால் அந்த ஒருவரின் எடை புரியும்.

நமக்குப் பக்கத்தில், கோயமுத்தூர் அருகே, சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கிருந்து எழும் தேஜஸ் போர் விமானத்தின் சத்தம் கேட்டு ஆசைப்பட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: சண்டைக்குப் போகும் தேஜஸில் ஒரே இருக்கை, அது அதிகாரியின் இருக்கை. உங்களுக்கு இடம் இருப்பது அதே சூலூரில் நிற்கும் ஏஎன்-32 சரக்கு விமானத்திலும் எம்ஐ-17 ஹெலிகாப்டரிலும்தான்.

ஏணி

ஏர்மெனின் பதவி ஏணி இது: ஏர்கிராஃப்ட்ஸ்மேன், லீடிங் ஏர்கிராஃப்ட்ஸ்மேன், கார்ப்பரல், சார்ஜென்ட், ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர். கடைசி மூன்றில் ‘ஆபீசர்’ என்ற சொல் இருப்பதைக் கண்டு ஊரில் பெண் பார்க்கப் போகும்போது அதிகாரி என்று சொல்லிவிடுகிறார்கள். தரைப்படையில் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் எப்படியோ, அப்படித்தான் இந்த மூன்றும். மரியாதைக்குரிய பதவிகள், ஆனால் கமிஷன் கிடையாது. நீண்ட, நல்ல சேவைக்காகச் சில மாஸ்டர் வாரண்ட் ஆபீசர்களுக்குக் கௌரவ ஃபிளையிங் ஆபீசர், கௌரவ ஃபிளைட் லெப்டினென்ட் பட்டம் கிடைப்பதுண்டு.

பறக்கும் குழுவுக்கென்று தனி ஏணி இல்லை. தரையில் நிற்கும் சார்ஜென்ட்டும் வானில் பறக்கும் சார்ஜென்ட்டும் சட்டைக் கையில் ஒரே மூன்று பட்டைதான் அணிகிறார்கள். வேறுபாடு மார்பில் இருக்கும் ஒற்றைச் சிறகுச் சின்னத்திலும், சம்பளச் சீட்டில் ஒரே ஒரு வரியிலும்.

அந்த ஒரு வரி

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் ஏர்கிராஃப்ட்ஸ்மேன் 3-ஆம் நிலையில் 21,700 ரூபாயில் தொடங்குகிறார். கார்ப்பரல் 4-ஆம் நிலை, 25,500. சார்ஜென்ட் 29,200. ஜூனியர் வாரண்ட் ஆபீசர் 35,400, வாரண்ட் ஆபீசர் 44,900, மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் 47,600. இவை அந்தந்த நிலையின் தொடக்க எண்கள். வருடா வருடம் ஏறும்.

இதோடு ராணுவச் சேவை ஊதியம் என்று மாதம் 5,200 ரூபாய் எல்லா ஏர்மெனுக்கும் உண்டு. அதிகாரிகளுக்கு இது 15,500. பிறகு அகவிலைப்படி. தொழில்நுட்பத் தகுதி உள்ளவர்களுக்கு ‘எக்ஸ்’ பிரிவு ஊதியம் தனியாக வரும்.

பறக்கிறவருக்கு மட்டும் வருவது பறப்புப் படி. நிலை 8 வரை உள்ளவர்களுக்கு மாதம் 17,300 என்றும், நிலை 9-இலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 25,000 என்றும் 2017-இல் நிர்ணயித்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொடும்போது இது கால்பங்கு கூடும் என்பது விதி; 2024-இல் அது தொட்டுவிட்டது, ஆகவே இங்கே நான் சொல்வது 2017 அளவு. நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பவர்களுக்கும் இதே அளவுதான்.

ஒரு சார்ஜென்ட்டை எடுத்துக்கொள்வோம். சில வருட உயர்வுக்குப் பிறகு அடிப்படைச் சம்பளம் 33,900. சேவை ஊதியத்தையும் சேர்த்தால் 39,100. அதே பட்டை, அதே வருடம், அதே குடியிருப்பில் அடுத்த வீட்டு சார்ஜென்ட் பறக்கும் குழுவில் இருந்தால் அவருக்கு, 2017 அளவின்படியே, இன்னொரு 17,300. அடிப்படைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரே வரியில் வந்து விழுகிறது. நான் தரையில் இருந்த வருடங்களில் அடுத்த வீட்டில் ஃபிரிட்ஜ் வந்ததற்கும் எங்கள் வீட்டில் வராததற்கும் என் மனைவிக்கு இந்த ஊதியக் கணக்கைத்தான் விளக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தப் படியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இரண்டு காரணங்கள். மருத்துவத் தரம் இறங்கிப் பறக்கத் தகுதி போய்விட்டால் பதவி போகாது, பட்டை போகாது, படி நின்றுவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி எது வேண்டுமானாலும் காரணமாகலாம். இரண்டாவது, ஓய்வூதியம் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளமும் சேவை ஊதியமும் சேரும், பறப்புப் படி சேராது. மாதத் தவணை முழுவதையும் இந்தப் படியின் மேல் கட்டிவிட்டு, நாற்பது வயதில் ஒரு மருத்துவ அறிக்கையால் தடுமாறிய குடும்பத்தை எனக்குத் தெரியும். படியைத் தனிக் கணக்கில் போடுங்கள், அடிப்படைச் சம்பளத்தில் வீடு நடத்துங்கள்.

ஒரே கேபின், இரண்டு மெஸ்

ஒரே ஹெலிகாப்டர், ஒரே மலை, ஒரே மேகம். விழுந்தால் எல்லாரும் சேர்ந்து விழுவார்கள். ஆனால் ஆபத்துக்கான படி, 2017 அளவில், ஒருவருக்கு 25,000, மற்றவருக்கு 17,300. தரையிறங்கியதும் அதிகாரிகள் தங்கள் மெஸ்ஸுக்கு (உணவுக் கூடத்துக்கு) போவார்கள், சார்ஜென்ட்டும் வாரண்ட் ஆபீசர்களும் தங்கள் மெஸ்ஸுக்குப் போவார்கள். இருபத்து மூன்று வயதில் வந்து சேரும் ஃபிளையிங் ஆபீசரின் தொடக்கச் சம்பளம் 56,100. அவர் பிறப்பதற்கு முன்பே பறக்கத் தொடங்கிய மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் அவருக்கு சல்யூட் அடிப்பார். இது எரிச்சலூட்டும் என்றால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே போய்த் தெரிந்துகொண்டு புழுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கோடு நேற்றுப் போட்டதும் அல்ல. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-இல் அமைந்தது. 1933 ஏப்ரல் 1-இல் முதல் விமானப் பிரிவு உருவானபோது ஒருபுறம் பயிற்சி பெற்ற அதிகாரிகள், மறுபுறம் ‘ஹவாய் சிப்பாய்’ (வான் சிப்பாய்) என்ற பெயரில் பத்தொன்பது பேர். அந்தப் பெயரை எப்போது கேட்டாலும் எனக்குச் சிரிப்பும் வரும், பெருமையும் வரும். நம்முடைய ஏணிக்கு மாதிரியாக இருந்த பிரிட்டிஷ் விமானப்படையும் இதில் தடுமாறியது. 1940-இல் பறக்கும் குழுவில் சேரும் யாரும் சார்ஜென்ட்டுக்குக் கீழே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். மூன்று பட்டைக்காகப் பல வருடம் காத்திருந்த பழைய தரைக்காரர்களுக்கு, சில மாதப் பயிற்சியில் அதே பட்டையோடு வந்து நின்ற பையன்களைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்! போர் முடிந்ததும், 1946-இல், பறக்கிறவர்களுக்கென்று தனிப் பதவிகளையே உருவாக்கினார்கள். பைலட் நான்கு, பைலட் மூன்று என்று தொடங்கி மாஸ்டர் பைலட் வரை. பட்டைக்குப் பதில் நட்சத்திரங்கள். யாருக்கும் அது பிடிக்கவில்லை. 1950-இல் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய சார்ஜென்ட் பட்டைக்கே திரும்பினார்கள். பறக்கிறவனைத் தனியாகப் பிரித்தால் தரைக்காரன் கோபிப்பான், பிரிக்காவிட்டால் பறக்கிறவன் கோபிப்பான். படியை மட்டும் தனியாகக் கொடுத்துப் பட்டையைப் பொதுவாக வைப்பதுதான் இன்றுவரை ஓடுகிற சமரசம்.

மதிப்பு என்பது மெஸ்ஸில் மட்டும் இல்லை. வடக்கே ஒரு தளத்தில், பனி விலகாத விடியற்காலை. ஒரு ஜூனியர் வாரண்ட் ஆபீசர் டார்ச்சோடு எம்ஐ-17-ஐச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கியர் பாக்ஸுக்கு அடியில் விரலை ஓட்டி, விரல் நுனியை முகர்ந்து, டார்ச்சில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது முறையும் அதையே செய்தார். படிவம் 700 என்ற விமானப் பதிவேட்டோடு நின்ற இளம் அதிகாரியிடம், “சார், இன்றைக்கு இது வேண்டாம்” என்றார். அதிகாரி ஏன் என்று கேட்கவில்லை. வேறு ஹெலிகாப்டரை வெளியே இழுத்தோம். சல்யூட் யார் யாருக்கு அடிக்கிறார்கள் என்பதை வைத்து மட்டும் இந்த வேலையை அளக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2021 டிசம்பர் 8-இல் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17 வி5 குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஹெலிகாப்டரின் குழுவில் நால்வர். இருவர் அதிகாரிகள், இருவர் ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள். அவர்களில் ஒருவரான பிரதீப் எங்கள் பக்கத்து மாவட்டமான திருச்சூரைச் சேர்ந்தவர், 2018 கேரள வெள்ளத்தில் மீட்புப் பணியில் இருந்தவர். பறப்புப் படி எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று வீட்டில் அம்மா கேட்டால் நேராகப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வழி: ஒவ்வொன்றாக

தமிழில் படி என்றால் ஏறுகிற படியும் உண்டு, வாங்குகிற படியும் உண்டு. ஏறாமல் வாங்க முடியாது.

முதலில் உள்ளே போக வேண்டும். பறக்கும் குழுவுக்கு வெளியிலிருந்து நேராக எடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். தரைத் தொழிலில் பழகி, கை தேர்ந்தவர்களிலிருந்தே பொதுவாக எடுக்கிறார்கள். உள்ளே போகும் வாசல் இப்போது அக்னிவீர் வாயு என்ற நான்கு வருட ஆள்சேர்ப்புத் திட்டம். வயது பதினேழரையிலிருந்து 21 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. +2-வில் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் எடுத்து மொத்தத்தில் 50 சதவீதமும் ஆங்கிலத்தில் தனியாக 50 சதவீதமும் வேண்டும், அல்லது மூன்று வருடப் பொறியியல் டிப்ளமோ. அறிவியல் அல்லாத பிரிவினருக்கும் வாசல் உண்டு என்றாலும், பறக்கும் குழுதான் குறி என்றால் தொழில்நுட்பப் பக்கமாகவே போங்கள்.

சம்பளம் முதல் வருடம் மாதம் 30,000, நான்காம் வருடம் 40,000. அதில் முப்பது சதவீதத்தைப் பிடித்து நிதியில் போடுவார்கள், அரசும் அதே அளவு போடும். ஆகவே முதல் வருடம் கைக்கு வருவது 21,000. நான்கு வருட முடிவில் வட்டி இல்லாமல் சுமார் 10.04 லட்சம். இந்தக் காலத்தில் அகவிலைப்படியும் இல்லை, அந்த 5,200-உம் இல்லை. அக்னிவீர் என்பது ஏணியில் சேராத தனிப் பதவி. நான்கு வருடம் முடிந்து, 25 சதவீதம் வரையான பேரைத்தான் நிரந்தரப் படையில் வைத்துக்கொள்கிறார்கள். மேலே நான் சொன்ன ஏணியும் ஊதிய நிலைகளும் அந்த வடிகட்டலுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. நான்கு வருடத்துக்குள் கதவோரம் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது சான்றிதழ். எல்லையோரத்துப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது ஓட்டத்தில் அல்ல, இங்கேதான். வீடு பாலக்காடு மாவட்டத்தில், படிப்பு பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ, ஆதார் இன்னொரு முகவரியில். ஆள்சேர்ப்பு முகாம்களை மாநிலவாரியாக நடத்துவார்கள், இருப்பிடச் சான்று கேட்பார்கள். எந்த மாநிலத்துச் சான்று உங்களிடம் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். கேரளம் என்றால் அக்ஷயா என்ற அரசு இணையச் சேவை மையம் வழியாக வில்லேஜ் ஆபீசுக்கு விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்தபின் ஓடினால் நாள் போதாது.

அதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். நம் ஆட்களின் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் இனிஷியலோடும், +2-வில் பின்னால் இனிஷியலோடும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்தும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதுதான் உங்கள் பெயர் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள்.

பிறகு கணினித் தேர்வு. அறிவியல் பிரிவுக்கு ஆங்கிலம், இயற்பியல், கணிதம், மொத்தம் ஒரு மணி நேரம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், தமிழிலோ மலையாளத்திலோ இருக்காது. பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்களுக்குக் கணக்கு தெரியும், கேள்வி புரியாது. திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று மனதில் ஓடும். திரையில் வெலாசிட்டி, ஆக்ஸிலரேஷன், மொமென்டம் என்று நிற்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று நீங்களே எழுதி வையுங்கள். கடையில் விற்கும் வழிகாட்டிகளைவிட அது பயன்படும் என்பது என் அனுபவம்.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். ஆண்களுக்கு ஏழு நிமிடம், பெண்களுக்கு எட்டு. அதோடு தண்டால், உட்கார்ந்து எழுவது எல்லாம் உண்டு. தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஷூ போட்டு ஓடிப் பழகுங்கள், அவ்வளவுதான்.

பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு தொழில் பயிற்சி, பிறகு ஏதாவது ஒரு தளத்தில் தரை வேலை. நிரந்தரம் ஆனபின் பறக்கும் குழுவுக்கு விருப்பம் கேட்டு உத்தரவு வரும்போது மனுப் போட வேண்டும். அதுவரை உங்கள் தொழிலில் பெயர் கெடாமல் இருக்க வேண்டும். தலைமை எழுதும் வருடாந்திர மதிப்பீடு முக்கியம், ஒழுங்கு நடவடிக்கை ஒன்றுகூட இருக்கக் கூடாது. எஞ்சின், ஏர்ஃபிரேம் (விமான உடல்பகுதி) ஆட்களுக்கு ஃபிளைட் எஞ்சினியர் பக்கம் இயல்பான பாதை, ஆயுதப் பிரிவினருக்குக் கன்னர்.

கடைசித் தடை உடம்பு. விமானப்படையில் மருத்துவத் தரம் இரண்டு எழுத்தால் குறிக்கப்படும். பறக்க ‘ஏ’, தரைக்கு ‘ஜி’. படையில் சேரும்போது தேறிய உடம்பு பறக்கவும் தேறும் என்று பொருள் இல்லை. கண், நிற வேறுபாடு அறியும் திறன், காது, முதுகெலும்பு எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார்கள், பிறகு வருடந்தோறும் பார்ப்பார்கள். என்னைக் கவிழ்த்தது எஞ்சின் இரைச்சல். இளமைத் திமிரில் காது மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். காதில் இருக்க வேண்டியதைக் காதில் வையுங்கள்.

கடற்படையில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கொச்சியில் ஐஎன்எஸ் கருடா, ஆந்திர எல்லைப் பக்கம் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி. அங்கேயும் மாலுமிகள் ஹெலிகாப்டரில் பறக்கும் குழுவாக வேலை செய்கிறார்கள். பதவிப் பெயர்கள் லீடிங் சீமேன், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர் என்று மாறும், ஊதிய நிலைகள் மாறாது. கடலோரக் காவல் படையிலும் இதுபோல இடம் உண்டு.

அன்று கடையில் கேள்வி கேட்ட பையன் மறுநாள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தான். பத்தாம் வகுப்பில் ‘கே. முருகேசன்’, +2-வில் ‘முருகேசன் கே’, ஆதாரில் ‘முருகேசன் காளியப்பன்’. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அவனை அக்ஷயா மையத்துக்கு அனுப்பினேன்.